யார் குரலை வைத்துச் சோதித்த கருவி?

கௌஹர் ஜானின் பழைய இசைத்தட்டுகளை இன்று இணையத்திலேயே கேட்கலாம். பாட்டு முடிகிற இடத்தில் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது பல தட்டுகளில் பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் அவசரமாகவும் கணீரென்றும் ஒலிக்கும் அந்த அறிவிப்பை அவருடைய செருக்கின் அடையாளமாகச் சொல்கிறவர்கள் உண்டு. செருக்கு இருந்திருக்கலாம், இருக்கவேண்டியதுதான். ஆனால் நடைமுறைக் காரணம் ஒன்றும் சொல்லப்படுகிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் மெழுகில் பதிந்த பாட்டு, கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகித் திரும்ப வேண்டும். அங்கே வேலை செய்தவர்களுக்கு இந்த மொழியும் தெரியாது, இந்தப் பெண்ணும் தெரியாது. எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது? தட்டே சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

இசைக்குழு வைத்திருக்கும் இளம்பெண்கள், ‘பாட்டைப் பதிவுசெய்ய நம்பகமான கருவி எது’ என்று கேட்கும்போது எனக்கு முதலில் அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் ஒரு மாடல் எண்ணைச் சொல்வார். அவர் சொல்வது தவறாகவும் இருக்காது. ஆனால் ‘நம்பகம்’ என்ற அந்தச் சொல்லுக்கு நூற்றிருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் ஒரு கருவி சிலருடைய குரலுக்கு நம்பகமாக இருந்திருக்கிறது. வேறு சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் நாம் கேட்கிற கேள்விகள் வேறாக இருக்கும்.

கல்கத்தாவில் அந்தக் கருவியின் முன் முதலில் நின்றவர் கௌஹர் ஜான் அல்ல. அவருக்குச் சில நாட்கள் முன்பே சசிமுகி, ஃபணிபாலா என்று நாடகக் கொட்டகையைச் சேர்ந்த பதின்ம வயதுப் பெண்கள் இருவர் பாடிவிட்டார்கள். லண்டனிலிருந்து கருவியோடு வந்திருந்த ஃப்ரெட் கைஸ்பெர்க், அவர்களுடைய குரலை மட்டமாகவே தன் குறிப்பில் எழுதிவைத்தார். இந்தியாவின் ஒலிப்பதிவு வரலாறு இரண்டு சிறுமிகளிடமிருந்தும் அவர்களைப் பற்றிய ஓர் ஏளனத்திலிருந்தும் தொடங்குகிறது என்பதை நம் பாடநூல்கள் எழுதுவதில்லை.

கருவி எப்படி இருந்தது? மின்சாரம் கிடையாது. அகன்ற வாய் கொண்ட ஒரு குழாய். அதன் குறுகிய முனையில் மெல்லிய தகடு. தகட்டோடு பிணைத்த ஊசி. ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகு. பாடுகிறவரின் குரல் எழுப்பும் அதிர்வுதான் ஊசியை அசைக்கும் மொத்த ஆற்றலும். வேறு எதுவும் அதற்கு உதவிக்கு வராது. சுமார் 250 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை அது ஓரளவு பிடிக்கும். அதற்குக் கீழே உள்ளதும் மேலே உள்ளதும் மங்கிப்போகும், அல்லது அடியோடு காணாமல்போகும். தம்புராவின் கார்வை பதியாது. மிருதங்கத்தில் தொப்பியின் ஆழம் பதியாது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலத்தான் நேரம். கீழ் ஸ்தாயியில் பாடும்போது தலையைக் குழாய்க்குள் விடுவதுபோல நெருங்க வேண்டும். உச்சத்துக்கு ஏறும்போது பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் ஊசி துள்ளிவிடும். பாடகரின் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுவதும் இழுப்பதும் அக்காலப் பதிவாளர்களின் வேலையில் ஒரு பகுதி. ஒரு பெண்ணின் உடலை முன்பின் அறியாத ஓர் ஆண் பிடித்து நகர்த்துகிறான். அவள் பாடிக்கொண்டேயிருக்க வேண்டும். இந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டுகளைக் கேட்டால் அந்தக் குரல்களின் உறுதி இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஆக, அந்தக் கருவிக்குத் தேவைப்பட்டது மூன்று: உரத்த குரல், கொஞ்சம் மேல் சுருதி, மூன்று நிமிடத்துக்குள் ஒரு உருப்படியை முழுதாகக் காட்டும் சாமர்த்தியம். ஒரு கட்டையை ஒட்டிப் பாடும் ஆண்குரலைவிட ஐந்து கட்டையை ஒட்டிப் பாடும் பெண்குரல் அந்தக் குழாய்க்கு ஒத்துவந்தது. கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடிப் பழகியவர்கள், பதமும் ஜாவளியும் பாடி அபிநயத்தோடு சுருக்கமாகப் பொருளை உணர்த்தத் தெரிந்தவர்கள், சபையில் நிற்கக் கூசாதவர்கள் என்று தேடினால் யார் கிடைப்பார்கள்? தேவதாசிக் குடும்பங்களின் பெண்கள். தமிழகத்தில் தொடக்க ஆண்டுகளில் பதிந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி. இவர்கள் ஊர்ப்பெயரோடு தட்டில் ஏறினார்கள். ஆண் வித்வான்கள் பலர் தயங்கி நின்றார்கள். குரல் தேய்ந்துவிடும், கண்ட இடத்திலும் கண்டவரும் கேட்பார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள்.

தனகோடி அம்மாளின் தங்கை மகன்தான் புகழ்பெற்ற காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. அவருடைய குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. ஆனால் சங்கீத வரலாறுகளில் அவருக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. பெரியம்மாவோ அந்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் உறவினராக வந்துபோகிறார். பதிவு இருக்கிறவளுக்கு வரலாறு இல்லை, பதிவே இல்லாதவருக்கு வரலாறு இருக்கிறது. கருவி மட்டும் நம்பகமாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூர் தாயியின் குரல் போன தூரம் அதிகம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்தவர். தாயியின் தட்டில் கேட்டதை அடிப்படையாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற உருப்படியை எழுதினார். அதில் பியானோவின் ஒரு சுரத்துக்குரிய கம்பிகளுக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்லியிருக்கிறார். நம் தோல்கருவியின் மட்டுப்பட்ட ஓசை வேண்டுமென்பதற்காக. பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பியானோவுக்குள் பொருட்களைச் செருகி வாசிப்பது ஒரு பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. அதன் ஆரம்ப உதாரணங்களில் ஒன்றுக்குப் பின்னால் சென்னையில் பாடிய ஒரு தாசிப் பெண்ணின் மூன்று நிமிடத் தட்டு இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு: மிருதங்கத்தைச் சரியாகப் பதியத் தெரியாத கருவியிலிருந்து அதன் ஓசையை ஊகித்துப் பாரிஸில் ஒருவர் அட்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேவதாசிப் பெண் வாசல்படி ஏறக்கூடாத வீடுகளின் கூடத்தில் அவளுடைய குரல் மட்டும் மேசைமேல் உட்கார்ந்து பாடியது. உடம்பை வெளியே நிறுத்திவிட்டுக் குரலை உள்ளே அழைத்துக்கொள்ள ஒரு இயந்திரம் கிடைத்துவிட்டது. தேவதாசி ஒழிப்பைப் பற்றி இருதரப்பிலும் நிறையப் பேசியிருக்கிறோம். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தக் கருவி குரலையும் உடம்பையும் பிரித்துக் கொடுத்துவிட்டது என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்தக் குழாய் யாரைத் தேர்ந்தெடுக்கவில்லை? வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைப் பற்றி எழுதாத சங்கீத ரசிகர் இல்லை. மீட்டுவதற்கு நெளி போடாமல் வெறும் விரலால் வாசிப்பார். ஓசை அவ்வளவு மெல்லியது. கூடத்தில் ஒருவர் இருமினாலும் பொறுக்கமாட்டார் என்று சொல்வார்கள். அந்த வீணையைத் தகடும் ஊசியும் கொண்ட குழாயால் கேட்கவே முடியாது. உரக்கப் பாடியவர்கள் 1900களின் தொடக்கத்திலேயே தட்டில் ஏறிவிட்டார்கள். தனம்மாளின் வாசிப்பும் பாட்டும் பதிவானது 1930களின் தொடக்கத்தில், அவர் அறுபதைத் தாண்டிய பிறகு. நடுவில் நடந்தது மைக்.

1925இல் அமெரிக்காவில் மின்சார ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. மைக் ஒலியை மின்னோட்டமாக மாற்றியது, வால்வு அதைப் பெருக்கியது, பெருக்கிய மின்னோட்டம் வெட்டும் ஊசியை ஓட்டியது. இனி பாடுகிறவரின் பலத்தை நம்பி ஊசி இல்லை. 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் பதிந்தன. மெதுவாகப் பாடலாம், வீணையின் அனுசுரம்கூட விழும். தனம்மாளின் குடும்பத்தார் மட்டுமல்ல, நாமும் அந்தச் சில தட்டுகளுக்காக மைக்கைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். இருபத்தைந்து முப்பது ஆண்டு தாமதமாக வந்த நன்றி.

ஆனால் மைக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க மானுடவியலாளர் அமாண்டா வைட்மன். கைவீச்சும் முகபாவமும் இல்லாமல், அசையாமல் உட்கார்ந்து, அந்தரங்கமாகப் பாடுகிற குரலே ‘இயற்கையான’ பெண்குரல் என்ற எண்ணம் மைக்கோடும் இசைத்தட்டோடும் சேர்ந்து உருவானது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மேல்சாதிக் குடும்பப் பெண் மேடைக்கு வருவதற்கு இந்த எண்ணம் வழிசெய்தது, கே. பி. சுந்தராம்பாளைப்போலக் கொட்டகையின் கடைசி பெஞ்சுவரை எட்டிய குரல்களின் மரபு மெல்ல ‘நாடகக்காரிக் குரல்’ ஆகிவிட்டது. அவர் மைக்கையும் ஜெயித்தவர், அது வேறு கதை. 1946இல் தகவல் ஒலிபரப்புத் துறை சர்தார் படேலிடம் இருந்தபோது, சொந்த வாழ்க்கை ‘அவப்பெயருக்கு’ உரியது என்று கருதப்பட்டவர்களை வானொலியில் பாடவிடக்கூடாது என்று உத்தரவானது. மைக் தயாராக இருந்தது. வாசலில் ஆள் நின்றார்.

மைக்கின் கதையில் பெண்குரலுக்கு நேர்ந்த இன்னொரு அநியாயம் கணக்கு வடிவத்தில் நடந்தது. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய இடைவெளி காரணமாக, ஒலி 5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. தொலைபேசிக் கம்பியில் இன்னும் குறைவு: 300 முதல் 3,400 வரை. இதில் எது விழுந்துபோகும்? ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் உயிர்ப்பகுதி பெண்குரலில் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஆணுக்குக் கொஞ்சம் கீழே. கம்பியை அங்கே வெட்டினால் ஆணின் சொல் பிழைக்கும், பெண்ணின் சொல் மழுங்கும். 1927இல் பெல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஸ்டைன்பெர்க் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ‘பெண்களைப் புரிந்துகொள்ளுதல்’ என்ற பொருளில் குறும்பாகத் தலைப்பு வைத்தார். கம்பி குறுகலாக இருந்தது கம்பியின் குற்றமாகத் தெரியவில்லை. பெண்குரல் ‘கீச்சுக்குரல்’, தெளிவில்லாதது, செய்தி வாசிக்க லாயக்கில்லாதது என்று பெயர் வாங்கியது. குழாய்க்கு ஒத்துவந்த அதே குரல், கால் நூற்றாண்டுக்குள் வானொலிக்கு ஒத்துவராத குரலாகிவிட்டது. மாறியது குரல் அல்ல.

எதிர்மாறாக ஒன்று நடந்ததும் வரலாற்றில் உண்டு. எம்பி3 என்ற கோப்புவடிவத்தை ஜெர்மனியில் உருவாக்கிக்கொண்டிருந்த குழுவில் முக்கியமானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். காதுக்குத் தெரியாத ஒலிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் கணக்கு அது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தாளத்துக்கும் ஒழுங்காக வேலை செய்த அந்தக் கணக்கு, சுசேன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டிடம் தோற்றுப்போனது. 1987இல் வந்த அந்தப் பாட்டில் பக்கவாத்தியமே இல்லை. ஒரு பெண்ணின் தனிக்குரல் மட்டும். மறைந்துகொள்ள ஓசை ஏதும் இல்லாததால் கணக்கின் ஓட்டைகளெல்லாம் அந்தக் குரலில் கரகரப்பாகக் கேட்டன. அவர்கள் அந்தக் குரலைக் குறை சொல்லவில்லை. அது சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கணக்கைத் திருத்தினார்கள். அதனால் ‘எம்பி3யின் தாய்’ என்று வேகாவுக்குப் பட்டப்பெயர் வந்தது. தாய் பட்டம் கொடுப்பதில் உலகம் முழுக்க ஒரே தாராளம்தான். ஆனாலும் 1927க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: கருவியைக் குரலுக்காகத் திருத்துவது சாத்தியம் என்று ஒரு முறை நிரூபணமாயிருக்கிறது.

கருவியைத் திருகுகிற கை யாருடையது என்பது அடுத்த கேள்வி. டெலியா டெர்பிஷைர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959இல் லண்டனின் டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் கிடைத்தது. பிறகு பிபிசிக்குப் போய், ஒலிநாடாவை வெட்டி ஒட்டியே ஒரு புதிய இசையை உருவாக்கினார். அவருக்கு முன்பே அங்கே இருந்தவர் டாஃப்னி ஓரம். உலகப்போர்க் காலத்தில், பிபிசியில் நேரடிக் கச்சேரிகளை ஒலிபரப்பும்போது குண்டுவீச்சால் தடைபட்டால் நேயர்களுக்குத் தெரியாமல் தொடர்வதற்காக, அதே இசையின் இசைத்தட்டைக் கச்சேரியோடு ஒத்து ஓடவிட்டுத் தயாராக வைத்திருப்பது அந்த இளம்பெண்ணின் பொறுப்பு. நம்பகம் என்றால் என்னவென்று அவரிடம்தான் கேட்கவேண்டும்.

1973இல் அமெரிக்காவில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பாடுவது, எழுதுவது, பதிவது, விற்பது எல்லாம் பெண்களே. பாடகிகள் கிடைத்தார்கள், ஒலிப்பதிவு தெரிந்த பெண்கள்தான் கிடைப்பது அரிதாக இருந்தது. திறமையான பொறியாளர் ஒருவர் கிடைத்தார்: சாண்டி ஸ்டோன். மற்றப் பெண்களுக்கும் அவர் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒரு திருநங்கை என்பதால் வெளியே இருந்த பெண்ணியவாதிகளில் ஒரு சாரார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், புறக்கணிப்போம் என்றார்கள். கூட்டமைப்பு முதலில் அவரோடு நின்றது. ஆனால் நெருக்கடி முற்றி அவர் விலக நேர்ந்தது. ஆண்களிடமிருந்து கருவியை மீட்ட இயக்கம், கருவி தெரிந்த தன் தோழியை வாசலுக்கு வெளியே அனுப்பியது. இந்தப் பக்கத்தை நாம் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

அண்மைக்கால நிலவரமும் பெரிதாக மாறிவிடவில்லை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த 300 வெற்றிப் பாடல்களின் தயாரிப்பாளர்களில் பெண்கள் 2 விழுக்காடு. தமிழ்ச் சூழலுக்கு அப்படி யாரும் எண்ணிப் பார்த்ததாக நான் படித்ததில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் 19 பேரில் இசைவாணி ஒருவர்தான் பெண். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் பறையடிக்கிறார்கள். மேடை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், திருகுகளின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைக்குப் போவோம். எங்கள் மாணவிகள் சிலர் ஒரு குழு வைத்திருக்கிறார்கள்: இரண்டு பறை, ஒரு கிதார், ஒரு கீபோர்டு, பாடுவதற்கு மூன்று பேர். கையில் இருக்கும் பணம் குறைவு. அவர்களோடு உட்கார்ந்து யோசித்ததில், மேலே சொன்ன வரலாறு அப்படியே மேசைமேல் வந்து நின்றது.

கைபேசியில் பதிந்தால் போதாதா என்றாள் ஒருத்தி. பதிந்து பார்த்தோம். முதல் அடி விழுந்ததும் பாட்டு உள்ளே அமுங்கிவிட்டது; இரண்டு நொடி கழித்து மெல்ல மேலே வந்தது; அடுத்த அடியில் மறுபடி அமுங்கியது. ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியின் வேலை அது. பேச்சுக்காகச் செய்தது. இணையவழி அழைப்பில் ஒத்திகை பார்த்தபோது இன்னும் மோசம்: பறை காணவே இல்லை. இரைச்சலை நீக்கும் கணக்கு, மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சலென்று துடைத்துவிடுகிறது. பறையை இரைச்சல் என்று சொன்ன ஊர்களை நமக்குத் தெரியும். அதையே ஒரு செயலி, யாரையும் வெறுக்காமல், பழக்கத்தால் செய்கிறது. அமைப்புகளுக்குள் போய் இந்த வசதிகளை அணைக்க முடிகிற கருவியா, பதிவு அளவைக் கையால் திருகி வைக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கையடக்கப் பதிவுக்கருவி வாங்கினாலும் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மைக் விஷயத்தில் ஆசை ஒன்று, அறை ஒன்று. கண்டென்சர் மைக் நுட்பமானது. உதட்டின் ஈரம்கூடக் கேட்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தைப் பதிவுக்கருவி கொடுக்கவேண்டும். ஆனால் அது மின்விசிறியையும் தெருவையும் காக்கையையும் பாரபட்சமில்லாமல் கேட்கும். நமக்குக் கிடைக்கும் அறைகள் வகுப்பறைகள், எதிரொலிக்கிற சுவர்கள். டைனமிக் மைக் அவ்வளவு நுட்பமில்லை, ஆனால் தன் முன்னால் இருப்பதை மட்டும் கேட்கும், பறையின் அடியைத் தாங்கும், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். 1960களின் நடுவில் ஷூர் நிறுவனம் கொண்டுவந்த எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் இன்றும் மேடைகளில் இருப்பதற்கு அதுவே காரணம். அவற்றுக்குப் போலிகளும் ஏராளம். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எங்களுடைய முடிவு: பறைக்கும் குரலுக்கும் டைனமிக், நல்ல அறை கிடைக்கும் நாளுக்கு இரவல் கண்டென்சர் ஒன்று. ஜன்னலில் இரண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டதில் கிடைத்த பலன், இன்னொரு மைக் வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காது.

மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்தால் கீழ் அதிர்வெண்கள் கூடிக் கேட்கும். பல ஆண்பாடகர்களுக்கு அது கம்பீரம் தரும். நம் மூவரில் இருவருக்கு அது குரலை மூடிவிட்டது. ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்ததும் ‘ச’வும் ‘ஸ’வும் கீறாமல் ஒழுங்காக விழுந்தன. கடையில் ‘ஹலோ, ஹலோ, செக்’ என்று விற்பனையாளரின் ஆண்குரலில் சோதித்துக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களில் மெல்லிய குரல் யாருடையதோ, உச்சத்தில் பாடுகிறவள் யாரோ, அவர்கள் இருவரையும் அழைத்துப் போங்கள். கூச்சமாக இருக்கும், கடையில் நின்று பாடுங்கள். பறையையும் எடுத்துப் போங்கள். அதற்கு இடம் தராத கடையில் வாங்கவேண்டியதில்லை. ஒரு கூடத்தில் எங்கள் பாடகியிடம் ‘குரல் கீச்சென்று இருக்கிறது, ஒரு கட்டை இறக்கிப் பாடும்மா’ என்றார் பதிவாளர். மைக்கை மாற்றிப் பார்க்கலாமே என்று அவள் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. 1927ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை.

எண்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இவற்றில் மர்மம் எதுவும் இல்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு: இது போதும். 48,000 என்றால் 24,000 ஹெர்ட்ஸ் வரை பதியலாம். நம் காது அதுவரைகூடப் போகாது. 96,000 வேண்டும் என்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள். 32 பிட் ஃப்ளோட் என்ற வசதி கொண்ட கருவிகள் இப்போது வருகின்றன; அளவு தவறி உரக்கப் பதிந்தாலும் பின்னால் மீட்டுவிடலாம். பறைக்கு அது பெரிய உதவி. ஆனால் மைக்கே திணறிப்போயிருந்தால் எந்தப் பிட்டும் மீட்காது. 24 பிட் கருவி என்றால் உச்ச அடியில்கூடச் சிவப்பு விளக்கு எரியாதபடி அளவைக் குறைத்தே வையுங்கள். சாதாரண பேட்டரியில் ஓடுகிறதா, பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அதுவரை பதிந்தது கோப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். இதைக் கடையிலேயே பேட்டரியைப் பிடுங்கிச் சோதிக்கலாம். கடைக்காரர் முகம் மாறும். ஏழு பேரும் தனித்தனித் தடத்தில் பதிய வேண்டுமானால் உள்ளீடுகள் அதிகம் வேண்டும், விலையும் ஏறும். நான்கு உள்ளீடு கொண்ட ஒன்றை வாங்கி, பறையும் கிதாரும் ஒருநாள், கீபோர்டும் குரல்களும் மறுநாள் என்று பதிவதில் குறைவொன்றும் இல்லை. 1979இல் டாஸ்காம் கொண்டுவந்த நான்குதடக் கேசட் கருவி வந்த பிறகு கூடத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் வீட்டிலேயே பதிந்தது இப்படித்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, குழுவில் குறைந்தது மூன்று பேருக்குக் கருவியை முழுக்க இயக்கத் தெரிய வேண்டும். ‘அண்ணன் வந்து செட் பண்ணித் தருவான்’ என்றால் அண்ணன் வராத நாளில் பாட்டு இல்லை. கையேட்டை உட்கார்ந்து படியுங்கள். சங்க இலக்கிய உரையைவிடக் கடினமில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, பாட்டு, வாசிப்பவர்களின் பெயர், திருகில் உட்கார்ந்திருப்பவளின் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பதியுங்கள். கௌஹர் ஜானுக்கு ஒரு நிறுவனத்துக்காகச் சொல்லவேண்டியிருந்தது, உங்களுக்கு உங்களுக்காகவே.

பதிவு முடிந்ததும் கோப்புகள் எங்கே இருக்கும் என்று எங்கள் மாணவிகளிடம் கேட்டேன். கீபோர்டு வாசிப்பவளின் தம்பியின் மடிக்கணினியில் என்றார்கள். இணையச் சேமிப்புக் கணக்கும் அவனுடைய பெயரில்தான். நல்ல பையன்தான், யாரும் மறுக்கவில்லை. கணக்கைக் குழுவின் பெயரில் மாற்றி, கடவுச்சொல்லை ஏழு பேரும் எழுதிவைத்துக்கொண்டார்கள். இரண்டு வன்தட்டு வாங்கினார்கள். ஒன்று கல்லூரிக்கு அருகில் விடுதியில் இருப்பவளிடம். இரண்டாவது யாரிடம் என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. வரும் தை மாதம் கல்யாணமாகி ஓசூர் போகிறவள், தன் துணிப்பெட்டியில் அதற்கு இடமிருக்கிறது என்றாள்.